வகுப்புக்குப் போய் வந்தும் மைசூர்பாக்கு கல்லாகிவிட்டதா?

சகோதரி, சமையல் வகுப்புக்கு 1,500 ரூபாய் கட்டி, இருபது பேரோடு ஒரே அடுப்பைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு வந்து, வீட்டில் கிண்டிய மைசூர்பாக்கு கல்லாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை. சர்க்கரைப் பாகு கம்பிபோல் இழுபடும் கம்பிப் பதம் எட்டி நின்று பார்த்தால் பிடிபடாது. விரலில் தொட்டு இழுத்தால்தான் தெரியும். நானும் ஒரு வகுப்பில் பின்வரிசையில் நின்று, அதிரசப் பாகு எப்படி இருந்தது என்றே தெரியாமல் திரும்பியிருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கல்லானதற்குக் காரணம் பெரும்பாலும் பாகு முற்றியதுதான். ஒரு கப் கடலை மாவுக்கு இரண்டு கப் சர்க்கரை, இரண்டு கப் நெய், அரை கப் தண்ணீர். சர்க்கரையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பாகைத் தொட்டு இழுத்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கம்பி நின்றதும் மாவைத் தூவிக் கிளறுங்கள். நெய் பக்கத்து அடுப்பில் சூடாகவே இருக்கட்டும். ஆறின நெய்யை ஊற்றினால் பொரிந்து வராது. முதலில் கால் கப் மாவில் செய்து பாருங்கள், வீணானாலும் மனசு வலிக்காது.

பணத்தையும் விட்டுவிடாதீர்கள். விளம்பரத்தில் 'ஆளுக்கொரு அடுப்பு' என்று போட்டிருந்தார்கள் என்கிறீர்களே, அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, கட்டணத்தை எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.