வெள்ளம் வந்தால் றோட்டறிக் கழகம் குடும்பத்துக்கு ஒரு கூடாரப் பெட்டி தருமாமே, யாழ்ப்பாணத்திலும் கிடைக்குமா?

கழகத்துக் களஞ்சியத்தில் அடுக்கி வைத்திருக்கிற சாமான் இல்லை அது. நீங்கள் கேள்விப்பட்டது ஷெல்டர்பொக்ஸ் பெட்டி. 2000இல் இங்கிலாந்தின் கோர்ன்வோலில் ஒரு றோட்டறிக் கழகம் தொடங்கிய முயற்சி. 2001 குஜராத் பூகம்பத்துக்குத்தான் முதற் பெட்டிகள் போயின. இப்போது அது தனித் தொண்டு நிறுவனம், றோட்டறியின் பங்காளி. குடும்பக் கூடாரம், போர்வை, நுளம்பு வலை, சமையல் பாத்திரம், சூரிய விளக்கு என்று இடத்துக்கேற்ப அனுப்புவார்கள்.

உள்ளூர்க் கழகத்தின் பெறுமதி வேறு. லொறி யாரிடம் எடுக்கலாம், எந்த ஒழுங்கைக்குள் அது போகும், பட்டியலில் விடுபட்ட கிழவி யார் என்பதெல்லாம் ஊர்க்காரருக்குத்தானே தெரியும்!

உண்மையைச் சொன்னால், எங்கள் வெள்ளத்துக்குக் கூடாரம் அவ்வளவு தோதில்லை. 2008 நிஷாப் புயல் மாதிரி காணி முழுக்கத் தண்ணீர் நின்றால் அதை எங்கே அடிப்பது? அந்த நாட்களில் பள்ளிக்கூட மண்டபம்தான் கதி. வடிந்தபிறகு, கூரை போன வீட்டுக்கு நல்ல தறப்பாளும் கயிறும் கெதியாக வந்தால் அதுதான் பெரிய உதவி என்பேன்.

முதலில் கிராம அலுவலரிடம் பதியுங்கள். உதவ வருகிறவர்களும் பெரும்பாலும் அவரிடம்தான் விபரம் கேட்பார்கள்.