மார்ட்டின் லூதர் கிங், மண்டேலா தவிர, கறுப்பின விடுதலைப் போராட்டத்தில் நாம் அவசியம் அறிய வேண்டிய தலைவர் யார்?

என்னைக் கேட்டால் ஃபேனி லூ ஹேமர் என்பேன். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், அடுத்தவர் நிலத்தில் விளைச்சலில் பங்கு கொடுத்துப் பருத்தி பயிரிட்ட ஏழைக் குடும்பத்தில் 1917-இல் இருபதாவது பிள்ளையாகப் பிறந்தவர். ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போய்விட்டார். எழுதப் படிக்கத் தெரிந்ததால் பின்னாளில் பண்ணையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது.

கறுப்பினத்தவர் ஓட்டுப் போடலாம் என்பதே அவருக்கு 1962-இல், 44 வயதில்தான் தெரிய வந்தது. ரூல்வில் ஊர் தேவாலயத்தில் இளைஞர்கள் நடத்திய கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பழைய பஸ்ஸில் ஏறி, வாக்காளராகப் பெயர் பதிய இண்டியனோலா ஊர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விண்ணப்பத்தில் ‘யாரிடம் வேலை பார்க்கிறாய்?’ என்று ஒரு கேள்வி இருந்தது. வேறெதற்கு? முதலாளிக்குத் தகவல் போகத்தான். அப்புறம் மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கி எழுதச் சொன்னார்கள். தேறவில்லை. திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்து, அதன் மஞ்சள் நிறம் பள்ளிப் பேருந்து மாதிரி இருக்கிறது என்று அபராதம் போட்டது. உள்ளே எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்க, ஹேமர் தேவாலயப் பாட்டு ஒன்றை எடுத்துப் பாட ஆரம்பித்தார். அவர் தலைவரானது அந்த பஸ்ஸில்தான் என்பது என் எண்ணம்.

வீட்டுக்கு வந்தால் பண்ணையார் காத்திருக்கிறார். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு, இல்லையென்றால் இடத்தைக் காலி பண்ணு என்கிறார். “உங்களுக்காக நான் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன்” என்று ஹேமர் பதில் சொன்னார். 18 ஆண்டு உழைத்த பண்ணையை விட்டு அன்றிரவே வெளியேற வேண்டியதாயிற்று. பத்து நாளில், அவருக்கு அடைக்கலம் கொடுத்த வீட்டின் மீது 16 குண்டுகள் பாய்ந்தன. 1963-இல் கைதாகி அடைக்கப்பட்ட வினோனா ஊர்ச் சிறையில் போலீஸ்காரர்கள் இரண்டு கறுப்பினக் கைதிகளை மிரட்டி, அவர்கள் கையாலேயே அவரை அடிக்க வைத்தார்கள். சிறுநீரகம் சேதமானது, கடைசிவரை குணமாகவில்லை. வழக்கு நடந்தது, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி போலீஸ்காரர்களை விடுவித்தது.

1964 ஆகஸ்ட்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாடு. மிசிசிப்பியிலிருந்து வந்த பிரதிநிதிகள் எல்லோரும் வெள்ளையர். அந்த இடங்கள் எங்களுக்கே உரியவை என்று வாதாட, ஹேமரும் தோழர்களும் தனிக் கட்சியாகத் திரண்டு வந்திருந்தார்கள். எந்தப் பிரதிநிதிகளை ஏற்பது என்று முடிவு செய்யும் குழுவின் முன் ஹேமர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தபோதே அதிபர் ஜான்சன் திடீரென்று செய்தியாளர்களைக் கூட்டி, கேமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். ஆனால் அன்றிரவே தொலைக்காட்சிகள் அந்தச் சாட்சியத்தை ஒளிபரப்பின, நாடே பார்த்தது. சமரசமாக இரண்டே இடம் தருகிறோம் என்றார்கள். பெரிய தலைவர்கள் சிலரே வாங்கிக்கொள்ளச் சொன்னபோதும், இரண்டு இடத்துக்காக நாங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை என்று ஹேமர் மறுத்துவிட்டார். அன்று தணிந்துபோகாததால்தான் அவரை எனக்கு இவ்வளவு பிடிக்கும். நான்கு ஆண்டு கழித்து, 1968 சிகாகோ மாநாட்டில் முறையான பிரதிநிதியாகவே உட்கார்ந்தார்.

எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து அவர் செய்த வேலை. ஓட்டுரிமை கேட்டவர்களுக்குப் பண்ணையில் வேலை போனது. பக்கத்து லெஃப்ளோர் மாவட்டத்தில் ஏழைகளுக்குக் கிடைத்து வந்த அரசு உணவுப் பொருளையே நிறுத்தினார்கள். சோறு அடுத்தவன் கையில் இருக்கும்வரை ஓட்டும் அவன் கையில்தான் என்பது ஹேமருக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் 1969-இல் 40 ஏக்கர் வாங்கி ஒரு கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். கூடவே ‘பன்றி வங்கி’. ஒரு குடும்பத்துக்குச் சினைப் பன்றி ஒன்றைக் கொடுப்பார்கள். குட்டி போட்டதும் இரண்டைத் திருப்பித் தந்தால் போதும், மீதி அவர்களுக்கே. திரும்பி வந்த குட்டிகள் வளர்ந்து வேறு குடும்பங்களுக்குப் போகும். காய்கறியும் பயிர் செய்து பகிர்ந்துகொண்டார்கள். கடனும் மோசமான பருவங்களும் சேர்ந்து சில ஆண்டுகளில் பண்ணை முடங்கிவிட்டது உண்மைதான். ஆனால் அது ஓடியவரை ஏராளமான வீடுகளில் அடுப்பு எரிந்தது. 1977-இல் புற்றுநோயால் அவர் இறந்தபோது வயது 59.

அவரைப் பற்றி மேலே தெரிந்துகொள்ள விரும்பினால் அந்த 1964 சாட்சியத்திலிருந்து தொடங்குங்கள். ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது. வினோனா சிறை பற்றிய பகுதி கேட்கவே கஷ்டமாக இருக்கும். ஆனாலும் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.