நிலமும் பத்திரமும்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற சார்பதிவாளரின் பதில்கள்

கேள்வி: மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தோம். மேரிலாண்ட் மாநிலத்தில் ஜெர்மன்டவுன். அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம் மேற்கே போனால் வீடுகள் நின்றுபோய், மக்காச்சோளமும் சோயாவும்தான். தலைநகர் வாஷிங்டன் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒருவரும் பிளாட் போடவில்லை. அது அரசாங்கம் கையகப்படுத்திய நிலமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை அம்மா, நிலம் விவசாயி பெயரில்தான் இருக்கிறது. விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதியும் வைக்கலாம். எத்தனை வீடு கட்டலாம் என்பதில் மட்டும்தான் கட்டுப்பாடு.

நீங்கள் பார்த்தது மான்ட்கோமரி கவுன்ட்டி. நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று தீர்மானிப்பது அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம். அந்தக் கவுன்ட்டி 1980ல் சுமார் 93,000 ஏக்கரை வேளாண் காப்புப் பகுதியாக்கியது. மொத்தப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதுவரை 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்றிருந்த விதியை 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று மாற்றினார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் விவசாயி வயிறெரிந்திருப்பார். நூறு ஏக்கர் வைத்திருந்தவர் இருபது வீட்டு மனையாக விற்றிருக்கலாம், இப்போது நான்குதான். அதற்கு ஈடாக, 5 ஏக்கருக்கு ஒன்று என்ற பழைய கணக்கிலேயே அவருக்கு இருபது கட்டட உரிமைகளைக் கொடுத்தார்கள், ஓர் உரிமைக்கு ஒரு வீடு. தன் நிலத்தில் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உரிமையை வைத்துக்கொண்டு மீதியை விற்கலாம். வாங்குவது நகரத்து பில்டர். தன் மனையில் விதி அனுமதிப்பதைவிடக் கூடுதலாகச் சில வீடுகள் கட்ட அவருக்கு அது தேவை. விலையை இருவரும் பேசி முடித்துக்கொள்வார்கள். கவுன்ட்டியின் கஜானாவிலிருந்து காசு போவதில்லை. இப்படி உரிமை விற்று, 50,000 ஏக்கருக்கு மேல், கூடுதல் வீடு வராதபடி பத்திரத்தில் கட்டுப்பட்டிருக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான்: 'விவசாயம் தெய்வம்' என்று மேடையில் பேசிவிட்டுப் போகாமல், அவர் இழந்ததற்குக் கணக்குப் போட்டார்கள்.

கேள்வி: கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த உரிமை வெறும் காகிதம்தானே? பில்டர் வாங்காவிட்டால்?
– வாசகர், திருவாரூர்

பதில்: வாங்காவிட்டால் காகிதம்தான், சரியாகப் பிடித்தீர்கள். கூடுதல் வீடு கட்டும் இடம் எது என்று முன்கூட்டியே குறித்து, அங்கே இருப்பவர்களையும் சம்மதிக்க வைக்க வேண்டும். வயலைக் காப்பாற்ற எல்லோருக்கும் ஆசை, அதற்காகத் தன் தெருவில் நெரிசல் கூட ஒருவருக்கும் ஆசை இல்லை. மான்ட்கோமரியில் குடியிருப்போர் சங்கம் ஒன்று வழக்குப் போட்டு, 1987ல் மேரிலாண்டின் உச்ச நீதிமன்றம், எந்த இடத்தில் எத்தனை கூடுதல் வீடு என்பதைத் திட்ட ஆவணத்தில் மட்டும் சொன்னால் போதாது, எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதியிலேயே முறையாகக் கொண்டுவர வேண்டும் என்றது. கவுன்ட்டி விதிகளைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்றால், பணக்காரர் ஒருவர் 25 ஏக்கர் வாங்கி நடுவில் பங்களா கட்டி, சுற்றிப் புல் வளர்க்கலாம். விதிப்படி சரி, விளைச்சல்தான் இல்லை. அந்தக் கடைசி வீட்டு உரிமையையும் விலைக்கு வாங்கத் தனித் திட்டம் பிறகு வந்தது.

பில்டரை நம்பாமல் அரசே நேரடியாக வாங்கும் வழியும் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுன்ட்டி 1974லேயே அப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தது. வீடு கட்டினால் நிலம் என்ன விலை போகும், பயிர் மட்டும் செய்தால் என்ன விலை போகும் என்று மதிப்பிட்டு, வித்தியாசத்தை விவசாயிக்குக் கொடுத்துவிடுவது. நிலம் அவரிடமே இருக்கும். இதற்கு மக்கள் வரிப்பணம் வேண்டும். மேரிலாண்டில் விளைநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றும்போது ஒரு தனி வரி வாங்கி, அதையும் இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். வயலை அழிக்கிறவர் காசில் இன்னொரு வயல் பிழைக்கிறது.

கேள்வி: நம் டெல்டாவுக்குத்தான் 2020ல் சட்டம் வந்துவிட்டதே! அது போதாதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அது வேறு வேலை செய்கிற சட்டம். காவிரி டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பது, தாமிர உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை போன்றவற்றைத் தடுக்கிறது. நல்லதுதான். ஆனால் வயல் வீட்டு மனையாவதை நிறுத்த வந்ததில்லை அது.

அதற்கு வேறு விதிகள் இருக்கின்றன. நகரமைப்புத் துறை அறிவித்த திட்டப் பகுதிக்கு வெளியே நன்செய்யை மனையாக்க வேண்டுமென்றால் வேளாண் துறையின் கருத்தும் கலெக்டரின் இசைவும் வேண்டும். அனுமதி இல்லாத மனையை மனை என்று பதிவு செய்யக் கூடாது என்கிறது பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு. உடனே மனை என்ற சொல்லையே எடுத்துவிட்டு, விவசாய நிலம் என்று சென்ட் கணக்கில் எழுதிக்கொண்டு வருவார்கள். கல் நட்டிருக்கும், ரோடு போட்டிருக்கும், பத்திரத்தில் மட்டும் நெல் விளையும்! தடை போட்டால் ஆட்கள் சந்து தேடுவார்கள். விவசாயிக்கு நஷ்ட ஈடு கிடைத்தால் அவரே காவல் இருப்பார். கட்டட உரிமை மாற்றம் நம் மாநிலத்திலும் இருக்கிறது. ஆனால் நகரத்தில் சாலைக்கு இடம் கொடுத்தவருக்கு. வயலை வயலாக வைத்திருப்பவருக்கு ஒன்றும் இல்லை.

கேள்வி: எனக்கு மூன்று ஏக்கர் நன்செய். நான் போன பிறகும் அதில் வீடு வரக் கூடாது என்று பத்திரம் எழுதி வைக்க முடியுமா?
– வாசகர், சீர்காழி

பதில்: ஐயா நினைக்கிற மாதிரி முடியாது. அமெரிக்காவில் இதை ஈஸ்மென்ட்டாக, அதாவது ஒருவர் நிலத்தின் மேல் இன்னொருவருக்கு இருக்கும் பாத்தியமாகப் பதிவு செய்கிறார்கள். நிலம் எத்தனை கை மாறினாலும் அது கூடவே போகும், மகன் மீறினால் கவுன்ட்டியே வழக்குப் போடும். நம் பத்திரங்களிலும் 'ஈஸ்மென்ட் பாத்தியங்கள் சகிதம்' என்று எழுதுகிறோமே, ஆனால் நம் 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி பக்கத்து நிலம் ஒன்றின் நன்மைக்காகத்தான் அந்தப் பாத்தியம் இருக்க முடியும்: வண்டிப்பாதை, வாய்க்கால் மாதிரி. ஊர் நன்மைக்காக என்று ஒரு பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்க அதில் இடமில்லை. அங்கேயும் பழைய சட்டம் இப்படித்தான் இருந்தது. மாநிலங்கள் தனிச் சட்டம் போட்டு மாற்றிக்கொண்டன.

மகனுக்கு முழு உரிமையோடு செட்டில்மென்ட் எழுதிவிட்டு, 'வீடு கட்டக் கூடாது' என்று ஒரு வரி சேர்த்தால், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 11ஆம் பிரிவுப்படி அந்த வரி நிற்காது. ஒன்று செய்யலாம். மகனுக்கு ஆயுள் அனுபவ பாத்தியம் மட்டும் கொடுத்து, அவருக்குப் பிறகு இப்போது உயிரோடு இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு முழு உரிமை என்று எழுதுங்கள். மகனால் முழு உரிமையோடு யாருக்கும் விற்க முடியாது என்பதால் மனை வியாபாரி எட்டிப் பார்க்க மாட்டார். பேரன் காலத்தில் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், பத்திரம் அவ்வளவு தூரம்தான் போகும். எழுதுவதற்கு முன் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பதிவான பிறகு தெரிந்தால் சண்டை பத்திர ஆபீஸ் வாசலில்தான் நடக்கும்.