பாம்பனில் அம்மா வீடு முழுக்கப் பழைய சாமான். எதிலிருந்து கழிக்க ஆரம்பிப்பது?

பரணை விடுங்க, இரும்பிலிருந்து ஆரம்பிங்க. நம்ம கடற்கரையில் உப்புக்காத்து எதையும் விட்டுவைக்காது. "எப்பவாவது உதவும்"னு எங்கப்பா கொல்லைப்பக்கம் போட்டுவச்ச தையல் மெஷின், போன வருஷம் மிதியைத் தொட்டதும் செதில் செதிலாத் துரு உதிர்ந்தது. ஓடுற நிலையில் கொடுத்திருந்தா யாராவது தச்சுப் பிழைச்சிருப்பாங்க. கடைசியில் காயலான் கடைக்கு எடைக்குத்தான் போச்சு.

துணிமணி, பாத்திரமெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை வேலை.

வீட்டில் பழைய வலை கிடந்தா மட்டும் கவனம். நைலான் மக்காது. கடல்ல எறிஞ்சா மன்னார் வளைகுடாவில் ஆமையும் கடற்பசுவும் சிக்கிச் சாகும், எரிச்சா நச்சுப்புகை. நல்ல பகுதியை வெட்டி கோழிக்கூண்டுக்கோ வேலிக்கோ கேக்கிறவங்களுக்குக் கொடுங்க. மிச்சத்தை எடைக்குப் போடுமுன் ஈயக்குண்டுகளைக் கழட்டிடுங்க, அதுக்குத் தனி விலை.