குரோஷே பின்னலின் எரிச்சல்கள்: கேள்வி பதில்

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷேயைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தையல் எண்ணிக்கை தவறுவதைப் பற்றியவை. தொடக்க காலத்தில் நான் பின்னியதை விடப் பிரித்ததே அதிகம் என்பதால், அவற்றுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். தையல்களின் பெயர்கள் அனைத்தும் அமெரிக்க முறைப்படியானவை: செயின் என்பது சங்கிலிக் கண்ணி, சிங்கிள் குரோஷே குட்டையான தையல், டபுள் குரோஷே அதைவிட உயரமான தையல்.

கேள்வி: சதுரமாகத் தொடங்கும் பின்னல் சில வரிசைகளுக்குள் முக்கோணமாகிவிடுகிறது. டபுள் குரோஷேயில்தான் இப்படி நடக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: வரிசையின் இரண்டு ஓரங்களில்தான். டபுள் குரோஷே வரிசையின் தொடக்கத்தில் போடும் மூன்று செயின், பெரும்பாலான மாதிரிகளில் (பின்னும் முறையை எழுதிய குறிப்புகளில்) ஒரு முழுத் தையலாகவே கணக்கிடப்படுகிறது. ஆகவே அதன் அடியில் இருக்கும் தையலை விட்டுவிட்டு இரண்டாவது தையலில் ஊசியை நுழைக்க வேண்டும்; வரிசையின் முடிவில், முந்தைய வரிசையின் அந்த மூன்று செயினுடைய உச்சியில் கடைசித் தையலைப் போட வேண்டும். அந்த உச்சி சற்று மடங்கி, தையலைப் போலவே தெரியாமல் ஒளிந்துகொள்வதால் பலரும் அதைத் தவற விடுகிறார்கள். வரிசைக்கு ஒன்று குறைந்தால் 20 தையலில் தொடங்கியது பத்து வரிசைக்குப் பின் 10 ஆகிவிடும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொடக்கத்தில் விட வேண்டிய தையலில் ஒன்றைப் போட்டு, முடிவில் போட வேண்டியதை விட்டுவிட்டால், எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கும். ஓரங்களோ நேராக இல்லாமல் வரிசைக்கு வரிசை உள்ளும் வெளியுமாக வளைந்து போகும். எண்ணிப் பார்த்து நிம்மதியடைந்தவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மூன்று செயின் போட்டவுடன் மூன்றாவது செயினில் ஒரு ஸ்டிச் மார்க்கரையோ (தையலை அடையாளம் காட்டும் சிறு வளையம்) ஊக்கையோ மாட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது கடைசித் தையல் எங்கே போக வேண்டும் என்பதை அதுவே காட்டும்.

கேள்வி: வட்டமாகப் பின்னினால் சில சமயம் கிண்ணம் போல் குவிகிறது, சில சமயம் பாவாடை விளிம்பு போல் சுருக்கம் விழுகிறது. தட்டையாக வர என்ன செய்வது?

பதில்: குவிந்தால் தையல் போதவில்லை, சுருக்கம் விழுந்தால் தையல் மிகுதி. இதற்குப் பள்ளிக் கணக்கே போதும். வட்டத்தின் ஆரம் ஓர் அலகு கூடினால் சுற்றளவு ஏறத்தாழ 6.28 அலகு கூடும். சிங்கிள் குரோஷேயின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் 6 தையல் கூட்டுகிறோம்: 6, 12, 18, 24. டபுள் குரோஷே ஏறக்குறைய இரு மடங்கு உயரம், ஆகவே 12, 24, 36. உங்கள் கை இறுக்கமாகவோ தளர்வாகவோ இருந்தால் இந்த எண்கள் சற்று விலகும், அதனால் ஒரு சுற்றில் கூட்டாமல் விட்டோ ஊசியின் அளவை மாற்றியோ சரிசெய்யலாம். கூட்டும் இடங்கள் எல்லாச் சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும் என்பதால், அவற்றைச் சுற்றுக்குச் சுற்று இடம் மாற்றிப் போடுங்கள்.

கேள்வி: மாதிரியில் சொன்ன நூலையும் ஊசியையுமே எடுத்துக்கொண்டேன். ஆனாலும் ஸ்வெட்டர் சிறியதாகிவிட்டது.

பதில்: மாதிரித் துண்டு பின்னிப் பார்க்காமல் நேராக ஸ்வெட்டரைத் தொடங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், நானும் அப்படித்தான் ஒன்றை வீணாக்கினேன். 10 செ.மீ. அகலத்தில் 16 தையல் இருக்க வேண்டிய இடத்தில் உங்களுக்கு 18 வந்தால், வித்தியாசம் இரண்டே தையல்தானே என்று தோன்றும். ஆனால் 80 தையல் கொண்ட முன்பக்கம் 50 செ.மீ.க்குப் பதிலாக 44 செ.மீ. சொச்சமாகத்தான் வரும், பின்பக்கத்தையும் சேர்த்தால் சுற்றளவில் 11 செ.மீ. போய்விடும். 15 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு பின்னி, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து உலர்த்தி, ஓரங்களை விட்டு நடுவில் அளந்து பாருங்கள். தையல் அதிகம் இருந்தால் பெரிய ஊசி, குறைவாக இருந்தால் சிறிய ஊசி.

கேள்வி: ஒரே மாதிரியை நானும் தோழியும் பின்னினோம். அவருடைய சால்வை என்னுடையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நீளம்!

பதில்: உங்களில் ஒருவர் பிரிட்டிஷ் முறைப்படி படித்திருக்கிறீர்கள். அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டிஷார் டபுள் குரோஷே என்கிறார்கள். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். மாதிரியில் சிங்கிள் குரோஷே என்ற பெயர் வந்தால் அது அமெரிக்க முறை என்று கொள்ளலாம், ஏனெனில் இன்றைய பிரிட்டிஷ் வழக்கில் அப்பெயர் இல்லை.

கேள்வி: முதல் செயின் வரிசை வில்லாக வளைந்து, மேலே துணி விரிகிறது.

பதில்: செயினை இறுக்கிப் போடுகிறீர்கள். அதற்கு மட்டும் அடுத்த பெரிய அளவு ஊசியை எடுத்துக்கொண்டு, பின் பழைய ஊசிக்குத் திரும்புங்கள்.

கேள்வி: போர்வையின் நடுவில் நிறம் மாறியது போல ஒரு பட்டை தெரிகிறது. எல்லாம் ஒரே நிற எண் கொண்ட நூல்தான்.

பதில்: நிற எண் ஒன்றாக இருந்தாலும் சாயத் தொகுதியின் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களின்) எண் வேறாக இருந்திருக்கும். அது நூல் உருண்டையின் லேபிளில் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். கடை வெளிச்சத்தில் தெரியாத வேறுபாடு, விரித்துப் போட்ட போர்வையில் கண்ணை உறுத்தும். வேறு தொகுதியைத் தவிர்க்க முடியாதபோது, பழைய உருண்டையிலும் புதிய உருண்டையிலும் இரண்டிரண்டு வரிசை மாற்றி மாற்றிப் பின்னினால் எல்லைக்கோடு கரைந்துவிடும்.

கடைசி வரிசைக்கு நூல் போதுமா என்ற இன்னொருவரின் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: ஒரு வரிசைக்கு முன்னும் பின்னும் உருண்டையைச் சமையலறைத் தராசில் எடை போட்டால், வரிசைக்கு எத்தனை கிராம் செலவாகிறது என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: "சும்மா உட்கார்ந்திருக்கும்போது எனக்கும் ஒரு போர்வை பின்னிக் கொடு" என்கிறார்கள். எப்படி மறுப்பது?

பதில்: கணக்கைக் காட்டுங்கள். வரிசைக்கு 150 தையல், 120 வரிசை என்றால் 18,000 தையல். நிமிடத்துக்கு 15 தையல் போட்டால்கூட 20 மணி நேரம். பிரித்துப் பின்னியதும் நூல் முனைகளைச் செருகியதும் இதில் சேரவில்லை. ஸ்வெட்டர் பின்னும் (நிட்டிங்) இயந்திரங்கள் எத்தனையோ உண்டு, ஆனால் கடையில் தொங்கும் அசல் குரோஷேத் துணி யாரோ ஒருவர் கையால் பின்னியதே. இதைக் கேட்ட பிறகும் கேட்பவரிடம் ஊசியைக் கொடுத்து, கற்றுத் தருவதாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மாலையில் கட்டைவிரலும் மணிக்கட்டும் வலிக்கின்றன.

பதில்: ஊசியை இறுகப் பிடிப்பதும் இடைவிடாமல் பின்னுவதும் பெரும்பாலும் காரணம். அரை மணிக்கு ஒருமுறை கையை விரித்து ஓய்வு கொடுங்கள். தடித்த கைப்பிடி உள்ள ஊசியைப் பயன்படுத்திப் பாருங்கள். மரத்துப்போதல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பாதியில் நின்றவை ஒரு பை நிறையக் கிடக்கின்றன. மீண்டும் எடுத்தால் எங்கே விட்டேன் என்றே தெரிவதில்லை.

பதில்: என்னிடம் இரண்டு பை. நிறுத்தும்போது ஊசியில் இருக்கும் கண்ணியை நீளமாக இழுத்து மார்க்கர் மாட்டிவிடுவதோடு, ஒரு சீட்டில் வரிசை எண்ணையும் ஊசியின் அளவையும் எழுதி உள்ளே போடுங்கள். ஊசியை வேறு வேலைக்கு எடுத்துவிட்ட பிறகு, பின்னியது 4 மி.மீ. ஊசியாலா 4.5 மி.மீ. ஊசியாலா என்று தையலைப் பார்த்துச் சொல்வது எனக்கே இன்னும் கைவரவில்லை.