காணாமல் கொடுத்த காசு

அன்புள்ள அண்ணா,

எனக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிறு மட்டும்தான் லீவு. போன ஞாயிறு தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில், நண்பர்கள் நடத்தும் சின்ன நாட்டுப்புற இசைக் குழுவுக்காக நிதி திரட்டும் நிகழ்ச்சி நடந்தது. பறை, பம்பை, உடுக்கை என்று பதினோரு பேர். பயிற்சி செய்யும் இடத்துக்கு வாடகை பாக்கியாம், இரண்டு பம்பைக்குத் தோல் மாற்ற வேண்டுமாம். தலா 200 ரூபாய் என்று நான்கு டிக்கெட் வாங்கினேன். மைக் சரியில்லை. மழை வேறு. அடியும் எடுபடவில்லை. அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன். கூட்டம் வர சினிமாப் பாட்டு சேர்த்தால் என்ன? இதையெல்லாம் அரசாங்கம்தானே பார்க்க வேண்டும்? கலைஞர்கள் இப்படிக் கையேந்துவது சரியா?

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள தம்பி,

சினிமாப் பாட்டு வாசிப்பதும் வாசிக்காததும் அவர்கள் பாடு. அரசாங்கத்தில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. உங்கள் நண்பர்கள் பதிந்து அட்டை வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அதோடு அது முடிந்தது. 'அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

மழை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஈரக்காற்றில் பறைத்தோல் தொய்ந்துவிடும். எப்பேர்ப்பட்ட கை அடித்தாலும் பொத் பொத்தென்றுதான் கேட்கும். திறந்தவெளியாக இருந்தால் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள். விரலால் சுண்டிப் பார்த்து, போதாது என்றால் வட்டத்தைத் திருப்பி இன்னொரு பக்கம் காட்டுவார்கள். தோல் விறைத்து ஓசை ஏறும். மண்டபத்துக்குள் தீ மூட்ட யார் விடுவார்கள்? பின்பக்கம் சமையல்கட்டு ஓரமாகப் போய்க் காய்ச்சிவிட்டு மேடைக்கு ஓடிவர வேண்டும், திரும்பத் தொய்ந்தால் திரும்ப ஓட வேண்டும். பறை தன் குரலுக்கு வருவதற்குள் நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். பறை என்று நீங்கள் கேட்டுவிட்டுப் போனது நமுத்த தோல்.

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். கோடையில் பதினெட்டு நாள் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. கூத்தாடும் களரியைக் கட்டும்போதே அப்பா கோணிப்பையை விரித்து, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார். முகவீணை என்பது நாதஸ்வரம் போல ஊதுகிற சின்னக் குழல். முகவீணைக்காரர் அதன் ஊதுமுனையான சீவாளியை வாயில் ஊறவைத்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். காசு கொடுத்தால் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பேர் சொல்லி அறிவிப்பான். வசதியான வீடுகளிலிருந்து முதலிலேயே பத்து ரூபாய் வந்துவிடும். பேர் சொன்னதும் எழுந்து படுக்கப் போய்விடுவார்கள்.

அப்பா விடியும்வரை கொடுக்க மாட்டார். கர்ணன் விழுந்து, கிழக்கு வெளுத்த பிறகு, வேட்டி மடிப்பிலிருந்து இரண்டு ரூபாய்த் தாளை எடுத்துக்கொண்டு நேரே முகவீணைக்காரரிடம் போவார். "குந்தி அழும்போது ஒரு இழுப்பு இழுத்தீங்களே" என்று சொல்லிவிட்டுத்தான் கையில் வைப்பார். அந்த மனுஷன் தாளைப் பார்க்கவே மாட்டார். அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

இது நம் மண்ணில் புதிதும் அல்ல. தர்மபுரிதான் பழைய தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானை எல்லோருக்கும் தெரியும். அதே அதியமானைத் தேடி மலைகளைத் தாண்டி வந்தவர் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார். அவரை நேரில் பார்க்காமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான் அவன். புலவர் வாங்கவில்லை. நான் 'வாணிகப் பரிசிலன்' இல்லை, பரிசிலை வியாபாரம் போல வாங்கிப் போகிறவன் இல்லை, என் தரம் அறிந்து கொடுத்தால் தினையளவானாலும் இனிது என்று பாடிவிட்டார். புறநானூற்றில் 208ஆம் பாட்டு. பசியோடு வந்தவர் தம்பி அவர். பொருள் வேண்டாம் என்று சொல்கிற நிலைமையில் இருந்தவரில்லை.

கையேந்துவது சரியா என்று கேட்கிறீர்கள். அந்தப் பதினோரு பேரும் எங்கே கையேந்தினார்கள்? வாசித்தார்கள். நான்கு டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு நாற்காலியைக் காலியாக விட்டுப் போனீர்களே, அப்போதுதான் அது பிச்சையானது.

கடுமையாக எழுதிவிட்டேன். வாரம் முழுக்கக் கம்பெனியில் நின்றுவிட்டு, இருக்கிற ஒரு நாள் லீவில் பாலக்கோட்டிலிருந்து மழையில் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு 800 ரூபாய் சின்னக் காசு இல்லை என்று தெரியும். அந்த மனசு உள்ளவர் என்பதால்தான் உங்களிடம் இவ்வளவு உரிமையோடு பேசுகிறேன்.

அடுத்த முறை ஒரு டிக்கெட் வாங்குங்கள், போதும். முடியும்வரை உட்காருங்கள். அப்புறம் பின்பக்கம் போய், எந்த அடி பிடித்தது என்று அவர்களில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். எனக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள், நானும் வருகிறேன். பாலக்கோட்டுக்குக் கடைசி பஸ் போய்விட்டால் என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். பாயும் போர்வையும் இருக்கின்றன.