புத்தகம் படிக்கும் பழக்கம் மூன்றாவது வாரத்தில் நின்றுபோகிறது. நிலைக்க என்ன வழி?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இது: வீடு வேலூர் சத்துவாச்சாரி, வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில், வயது 42. பள்ளி நாட்களில் நிறையப் படித்தவர். வருஷத்துக்கு 24 புத்தகம் என்று முடிவெடுத்து மூன்று முறை தொடங்கியிருக்கிறீர்கள், மூன்று முறையும் மூன்றாவது வாரத்தில் விட்டுப்போயிருக்கிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் தூக்கம் வருகிறது.

முதலில் அந்த 24-ஐ அடித்துவிடுங்கள். புத்தகத்தை எண்ணாமல் பக்கத்தை எண்ணுங்கள். 200 பக்கப் புத்தகம் 24 என்றால் மொத்தம் 4800 பக்கம். ஒரு நாள்கூட விடாமல் தினம் 13 பக்கத்துக்கு மேல் படித்தால்தான் கணக்கு நேராகும். முதல் வாரம் ஆர்வத்தில் ஓடிவிடும். இரண்டாம் வாரம் ஒரு கல்யாணமோ மூன்று நாள் ஓவர்டைமோ வந்தால் 40 பக்கம் பாக்கி விழும். மூன்றாம் வாரம் புத்தகத்தைப் பார்த்தாலே கடன்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். பெரும்பாலானவர்கள் விடுவது இந்த இடத்தில்தான். படிப்பு யாருக்கும் கசந்து போவதில்லை, பாக்கிதான் கசக்கிறது.

உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். நாவல்கள் வழக்கமாக வரும் டெம்மி அளவுப் புத்தகம் ஒன்றை எடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் படியுங்கள். வேகமாகப் படிக்க முயல வேண்டாம். வெகுநாள் இடைவெளிக்குப் பிறகு படிப்பவருக்கு ஒரு பக்கத்துக்கு 2 நிமிடம் ஆனால் அது குறையே இல்லை. அப்படியானால் 10 நிமிடத்துக்கு 5 பக்கம். முதல் இரண்டு மாதம் உங்கள் கடமை இந்த 5 பக்கம் மட்டும். கதை இழுத்துக்கொண்டு போனால் 15 பக்கம்கூடப் படியுங்கள், ஆனால் மறுநாள் கணக்கு மறுபடி 5-தான். கூடப் படித்ததை வரவு வைத்துக்கொண்டு மறுநாள் லீவு எடுக்கக்கூடாது.

நேரத்துக்கு வருவோம். ராத்திரிப் படிப்பு நம் ஊரில் தோற்பதற்கு உடம்புச் சோம்பல் மட்டும் காரணமில்லை. பங்குனி தொடங்கி ஆனி வரைக்கும் பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம், ராத்திரி பத்து மணி வரை அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். அந்தப் புழுக்கத்தில், சோறு சாப்பிட்ட வயிற்றோடு, படுக்கையில் சாய்ந்துகொண்டு படித்தால் யாருக்கும் கண் சொக்கும். வேலூரில் படிக்க ஏற்ற நேரம் விடியற்காலை. கத்திரி வெயில் நாளில்கூட ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் மொட்டைமாடியும் வாசல்படியும் தாங்கும்படி இருக்கும்.

அதற்காக நாலரைக்கு அலாரம் வைக்க வேண்டாம், அதுவும் மூன்று வாரத்தில் விழுந்துவிடும். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு புத்தகத்தைக் கட்டிப்போடுங்கள். காலைக் காபியை எடுத்துக்கொள்ளலாம். டம்ளர் கைக்கு வரும்போது புத்தகமும் கைக்கு வர வேண்டும், காபி தீர்ந்தாலும் 5 பக்கம் முடியும்வரை எழக்கூடாது. ஷிப்ட் மாறி மாறி வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காலை ஆறு மணி என்று கடிகாரத்தோடு கட்டினால் ஷிப்ட் மாறிய வாரமே அறுந்துவிடும். வேலைக்குக் கிளம்பக் குளிப்பதற்கு முன் என்று காரியத்தோடு கட்டினால் எந்த ஷிப்டிலும் நிற்கும்.

புத்தகம் இருக்கும் இடம் பற்றி ஒன்று. கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில் இருக்கும் புத்தகம் படிக்கப்படாது. காலையில் நீங்கள் உட்காரும் நாற்காலியின் மேல் முந்தைய ராத்திரியே வைத்துவிடுங்கள், அதை எடுத்தால்தான் உட்கார முடியும் என்கிற மாதிரி. பக்க அடையாளத்துக்குப் பழைய பேருந்து டிக்கெட் போதும். கவிழ்த்து வைத்தால் பசை விட்டுத் தாள் கழன்றுவிடும்.

வயது 42 என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டியதும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப் போகிறது, கிட்டத்தில் இருப்பதைக் குவித்துப் பார்க்கும் திறன் குறைகிறது. தூரத்துப் பேருந்தின் பலகை தெளிவாகத் தெரிவதால் கண்ணில் கோளாறு இருப்பதாகவே தோன்றாது. பக்கம் திரும்பத் திரும்பப் படித்தும் மனதில் பதியவில்லை, நெற்றிப்பொட்டு வலிக்கிறது, தூக்கம் வருகிறது என்று மட்டும் தெரியும். படிக்கும் ஆர்வமே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். சோதிக்க எளிய வழி: புத்தகத்தை 35 முதல் 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடியுங்கள். கை தானாக இன்னும் தள்ளிப் போகிறதா? பகல் வெளிச்சத்தில் தெளிவாக இருக்கும் எழுத்து ட்யூப்லைட்டில் மங்குகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது, நம்பகமான எந்தக் கண் மருத்துவரிடமும் போகலாம். நாற்பதின் தொடக்கத்தில் பொதுவாக +1.00 அல்லது +1.50 போதுமானதாக இருக்கும். தள்ளுவண்டியில் விற்கும் ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் இருக்கும், உங்கள் இரண்டு கண்ணும் அப்படி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு காரியத்தை முடிக்காமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து தாளில் விழட்டும், ஒரு 9 வாட் எல்இடி பல்பு போதும்.

அடுத்தது எந்தப் புத்தகம். இங்கேதான் ஆசை காலை வாரிவிடும். படம் வந்த சூட்டில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் பெட்டியாக வாங்கிய வீடுகள் நிறைய. அருமையான நாவல், சந்தேகமில்லை. ஆனால் 2000 பக்கத்துக்கு மேல். தினம் 5 பக்கம் என்றால் ஒரு வருஷம் தாண்டியும் முடியாது. மறுபடி தொடங்குகிறவருக்கு முடித்தோம் என்ற திருப்தி சீக்கிரம் கிடைக்க வேண்டும். அதனால் முதல் மாதம் சிறுகதைத் தொகுப்பு, கதை ஒவ்வொன்றும் 8 முதல் 12 பக்கம் இருக்கிற மாதிரி. இரண்டு நாளைக்கு ஒரு கதை முடியும். அடுத்து 100 முதல் 150 பக்கக் குறுநாவல். பெரிய நாவல் அதற்குப் பிறகுதான்.

நம் மாவட்டத்துக்காரரான மு.வரதராசனாரை இந்த இடத்தில் தயங்காமல் சொல்வேன். 1912-இல் அன்றைய வட ஆர்க்காட்டில் பிறந்தவர். வாக்கியம் சின்னது, சொல் எளியது, பழக்கம் விட்டுப்போன கண்ணுக்கு இடறாது. அவருடைய ‘அகல் விளக்கு’ 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வாலாஜாப் பக்கம் நடக்கிற கதை. நீங்கள் தினமும் போய்வரும் திசை என்பதால் ஊர்ப் பெயரே உங்களை உள்ளே இழுக்கும். நாவல் பெரிதாகத் தெரிந்தால் ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ என்று அவர் எழுதிய கடித நூல்களில் தொடங்கலாம், ஒரு கடிதம் ஒரு நாளைக்கு. இன்றைய எழுத்தாளர்களைப் படித்தவர்களுக்கு மு.வ.வின் அறிவுரைத் தொனி பழசாகப் படலாம். பட்டால் வேறு எடுங்கள்.

பிடிக்காத புத்தகத்தை விடக் கற்றுக்கொள்வது பழக்கத்தின் பாதி. 200 பக்கப் புத்தகத்தில் 30 பக்கம் தாண்டியும் ஒட்டவில்லை என்றால் மூடிவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியாயிற்றே என்று பிடித்துத் தொங்கினால் அந்தப் புத்தகமும் முடியாது, அடுத்ததையும் தொட மாட்டீர்கள். இதனால்தான் முதல் ஆறு மாதம் வாங்க வேண்டாம், நூலகத்தில் எடுங்கள் என்கிறேன்.

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948-இல் சென்னை மாகாணம் போட்ட பொது நூலகச் சட்டத்தின் தொடர்ச்சி அது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. ஆக, நூலகத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். வேலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் பரவலாக இருக்கின்றன. முகவரிச் சான்று நகலோடு போய் விண்ணப்பம் எழுதி, சிறு தொகை காப்புப் பணம் கட்டினால் உறுப்பினர் ஆகலாம். விடுமுறை நாளும் நேரமும் கிளைக்குக் கிளை மாறும் என்பதால் முதல் தடவை போகும்போதே வாசல் பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் இரண்டாம் முறை போவது கஷ்டம்.

எடுக்கும்போது இரண்டாக எடுங்கள், ஒன்று லேசானது, ஒன்று கனமானது. களைப்பான நாளில் லேசானது கைகொடுக்கும். எதை எடுப்பது என்று தெரியவில்லையா? அலமாரிக்குப் போகும் முன், மற்றவர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் அடுக்கியிருக்கும் மேசையைப் பாருங்கள். இந்த ஊர்க்காரர்கள் இந்த வாரம் படித்தவை அங்கே இருக்கும். பின்னட்டையை நம்பாமல் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து முழுதாகப் படித்துப் பாருங்கள். நூலகரிடம் கேட்கவும் தயங்க வேண்டாம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் இரண்டு, வாசகருக்கு அவருக்கேற்ற நூலும் நூலுக்கு அதற்கேற்ற வாசகரும் கிடைக்க வேண்டும் என்பவைதான். திருப்பித் தரும் தேதி முத்திரையாக உள்ளே இருப்பது இன்னொரு நன்மை. சொந்தப் புத்தகத்துக்குத் தேதி கிடையாது, அது வருஷக்கணக்கில் காத்திருக்கும்.

செல்போனில் படிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிடைப்பது ஏராளம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணையதளத்திலும் இலவசமாக இறக்கலாம். கல்கி முதலான நாட்டுடைமை எழுத்தாளர்களின் நூல்கள் தேடினால் கிடைக்கும். சிக்கல் இரண்டு. ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பில் பக்கம் அச்சில் இருந்தபடியே நிற்கும், எழுத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். ஈபப் (EPUB) வகை மின்னூல் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கி அமையும், கிடைத்தால் அதையே எடுங்கள். இரண்டாவது சிக்கல் வாட்ஸப். பழக்கம் நிலைக்கும் வரையிலாவது அச்சுப் புத்தகம்தான் நல்லது.

அச்சுப் புத்தகம் படிக்கும்போதும் செல் பக்கத்தில் இருக்கக்கூடாது. எத்தனை மணி என்று பார்க்க எடுப்போம், பத்து நிமிடம் ரீல்ஸில் போய்விடும். அந்த அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டுங்கள். தெரியாத சொல்லுக்குப் பொருள் தேடவும் செல்லை எடுக்காதீர்கள். சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதிவிட்டு மேலே போங்கள். பாதிச் சொற்களுக்கு அடுத்த பத்தியிலேயே பொருள் விளங்கிவிடும். மீதியை ஞாயிற்றுக்கிழமை அகராதியில் பார்த்துக்கொள்ளலாம்.

சிப்காட் பேருந்தில் படித்தால் தலை சுற்றுகிறது என்றீர்கள். சுற்றத்தான் செய்யும். உள்காது உடம்பு அசைகிறது என்று சொல்ல, தாளைப் பார்க்கும் கண் எதுவும் அசையவில்லை என்று சொல்லும். மூளை குழம்பிக் குமட்டல் வருகிறது. முயற்சியால் ஜெயிக்கிற விஷயம் இல்லை, விட்டுவிடுங்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் படியுங்கள், ஓடும்போது ஒலிப்புத்தகம் கேளுங்கள். ரயில் வேறு. காட்பாடியில் ஏறிச் சென்னைக்குப் போகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைத்தால், வாலாஜா ரோடு தாண்டி சோளிங்கர் வரை ஆடாமல் படிக்கலாம். அரக்கோணத்தில் கூட்டம் ஏறிவிடும்.

வீட்டில் ஒரு இடைஞ்சல் உண்டு. செல்லைப் பார்த்துக்கொண்டிருப்பவரை யாரும் எழுப்பமாட்டார்கள், புத்தகத்தோடு இருப்பவர் சும்மா இருக்கிறார் என்று நினைத்துக் கடைக்கு அனுப்புவார்கள். பெண்களுக்கு இது இரட்டிப்பு, ஒருத்தி உட்கார்ந்தால் உடனே நாலு வேலை ஞாபகம் வரும். “பத்து நிமிஷம், அஞ்சு பக்கம், அப்புறம் எழுந்துக்கிறேன்” என்று அளவோடு சொல்லிவிட்டு உட்காருங்கள். அளவு தெரிந்தால் வீட்டில் விட்டுக்கொடுப்பார்கள். உங்கள் வீட்டில் வேறு ஒருவர் படிக்க உட்கார்ந்தால் அந்தப் பத்து நிமிடம் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பேடு போடுங்கள். தேதி, தொடங்கிய பக்கம், முடித்த பக்கம், இவ்வளவுதான். விமர்சனம் எழுதத் தொடங்கினால் அதுவே சுமையாகிவிடும். படித்தது மறந்துபோகிறது என்றால், அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு என்ன நடந்தது என்று இரண்டு வாக்கியம் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் மனம் எங்கோ போயிருந்தது என்று பொருள், கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.

பொங்கல், ஆடிக் கிருத்திகைக் காவடி, வீட்டு விசேஷம் என்று வரும் நாட்களில் 5 பக்கம் நடக்காது. அந்த நாளுக்கு ஒரு பக்கம் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாமல் போனால் குறிப்பேட்டில் அந்தத் தேதிக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு, மறுநாள் வழக்கமான 5 பக்கத்திலிருந்து தொடங்குங்கள். விட்டதைச் சேர்த்துப் படிக்கவே கூடாது. இரண்டு மாதம் கழித்துக் கோடுகளை எண்ணுங்கள். பத்துக்குள் இருந்தால் 10 பக்கமாக உயர்த்தலாம். அதற்கு மேல் இருந்தால் 5-இலேயே இருங்கள், ஆனால் கோடுகள் எந்தக் கிழமையில், எந்த ஷிப்டில் விழுந்திருக்கின்றன என்று பார்த்து அந்த நாட்களுக்கு மட்டும் வேறு நேரம் தேடுங்கள்.